சான்றிதழை வாங்கிக்கொண்டு வரவேற்றோம்

மேடை ஓரத்தில் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். பெண்கள் கல்யாண வீட்டுப் புடவையில், ஆண்கள் பெட்டி மடிப்பு கலையாத புதுச் சட்டையில். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஜூன் மாதத் தூத்துக்குடிக் காற்று ஜன்னல் வழியாக அனலையும் உப்பையும் சேர்த்து வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு 'புதிய பேராசிரியர்கள் வரவேற்பு விழா' என்ற பேனர் உப்புவதும் சுருங்குவதுமாக இருந்தது.

மைக் முன்னால் நான். பல்கலைக்கழகம் என்று போர்டு வைத்துக்கொண்ட அந்தத் தனியார் நிறுவனத்தில் தமிழ்த்துறை ஆசிரியை. தமிழ்த்துறை என்றால் மைக் பிடிக்கப் பிறந்தவர்கள் என்று நிர்வாகத்துக்கு ஒரு நினைப்பு. அதை மறுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

நான் பெயரை வாசிப்பேன். பெயருக்குரியவர் மேடையேறுவார். தாளாளர் பொன்னாடை போர்த்துவார். போர்த்தப்பட்டவர் கையிலிருக்கும் ஃபைலை இரண்டு கையாலும் தாளாளரிடம் நீட்டுவார். இருவரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு அந்த ஃபைல் தாளாளர் கையிலிருந்து மேனேஜர் அண்ணாச்சி கைக்குப் போகும். அண்ணாச்சி அதை ஓர் அட்டைப்பெட்டிக்குள் போடுவார்.

கல்லூரி இருந்தது துறைமுகச் சாலையில். கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும். முக்கால்வாசிப் பெயர்கள் ஹாரன் சத்தத்தில் அடிபட்டுப் போயின. யாரும் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பெயரா முக்கியம், ஃபைல் வந்து சேர்ந்தால் போதும்.

அந்த ஃபைலுக்குள் இருந்தவை அசல் சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொடங்கி முனைவர் பட்டம் வரை. நகல் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். கொடுத்த ஃபைல் எப்போது திரும்பி வரும் என்பது நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது. வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தாலும் ஃபைல் இல்லாமல் போகமுடியாது. போகக்கூடாது என்பதற்காகத்தான் வாங்கி வைப்பதே.

நான் சூட்டிய பெயர்

இந்தப் பறிமுதலுக்கு 'நம்பிக்கை நல்கல்' என்று பெயர் வைத்தது நான்தான். மோனை எல்லாம் பார்த்து வைத்தேன். அதற்கு முன்னால் நிகழ்ச்சி நிரலில் 'ஒரிஜினல் கலெக்‌ஷன்' என்று இருந்தது. அது மேடைக்கு நன்றாக இல்லை, தமிழில் ஏதாவது அழகாகப் போடுங்கள் என்றார்கள். போட்டேன். தாளாளர் கேட்டுவிட்டு, "சூப்பர் மேடம்" என்றார். அன்று முழுவதும் எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கல்லூரியின் பெயரை ஏன் சொல்லவில்லை என்று இந்தத் தொடரைப் படிக்கிற சிலர் கேட்டு எழுதுகிறார்கள். எதற்குச் சொல்ல வேண்டும்? உங்கள் ஊரில் இருக்கிற ஒன்றின் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

விழாவில் தாளாளர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "இது காலேஜ் இல்லை, ஒரு குடும்பம்." எந்தக் குடும்பத்தில் மருமகளாக வந்தவளின் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள் என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

லாரி செட்டில் பிறந்த பழக்கம்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய தாளாளரின் அப்பா, பெரியவர் என்று நாங்கள் சொல்வோம், உப்பு ஏற்றும் லாரிகள் வைத்திருந்தவர். வேலைக்குச் சேரும் டிரைவரிடம் முதலில் லைசென்ஸை வாங்கிக் கல்லாப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். வேறு செட்டுக்காரன் கூப்பிட்டாலும் டிரைவர் போகமுடியாது. வழியில் போலீஸ் பிடித்தால் பெரியவரே பேசிக்கொள்வார்.

பிறகு அவர் கல்லூரி தொடங்கினார். முதல் நாள் எங்களையெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்காரவைத்தார். டிரைவரிடம் லைசென்ஸ், வாத்தியாரிடம் சர்ட்டிபிகேட். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவரைக்கூட நான் மன்னித்துவிடுவேன். பொன்னாடை, நம்பிக்கை, குடும்பம் என்று அவர் எதுவும் பேசவில்லை. "குடுத்துட்டுப் போங்க, பத்திரமா இருக்கும்" என்றார், அவ்வளவுதான். கூடவே லாரி செட்டிலிருந்து மேனேஜர் அண்ணாச்சியையும் கூட்டிவந்தார். பீரோச் சாவி அன்றிலிருந்து அண்ணாச்சி இடுப்பில்தான்.

நானும் அன்று கொடுத்தேன். சந்தோஷமாகவே கொடுத்தேன். ஆற்றங்கரை நெல்வயல் குடும்பத்திலிருந்து வேலைக்குப் போன முதல் பெண். வேலை கிடைத்ததே பெரிதாக இருந்தது. நடுவில் ஒருமுறை வெளியூரில் நல்ல வேலைக்கு விளம்பரம் பார்த்தேன். நேர்முகத்துக்கு அசல் வேண்டும். கேட்டால் போகப் பார்க்கிறாள் என்று தெரிந்துவிடுமே என்று பயந்து விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆதிச்சநல்லூர். அந்தக் காலத்தில் செத்தவர்களைத் தாழிக்குள் வைத்து, அவர்களுடைய சாமான்களையும் கூடவே வைத்துப் புதைத்திருக்கிறார்கள். இங்கே சாமான் மட்டும் உள்ளே, ஆட்கள் நாங்கள் வெளியே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்.

ரசீது கேட்டவள்

அந்த ஜூன் விழாவுக்கு வருகிறேன். சிறப்பு விருந்தினராக வந்தவர், இந்த ஊருக்கு வருகிற எல்லாச் சிறப்பு விருந்தினரும் பேசுவதைத்தான் பேசினார். முத்து நகரம். நீங்கள் எல்லாம் முத்துக்கள். இந்த நிறுவனம் உங்களைக் காக்கும் சிப்பி. எல்லோரும் கைதட்டினார்கள்.

வரிசையில் கடைசியாக நின்ற பெண் தட்டவில்லை. பெயர் ரெக்ஸி. திரேஸ்புரத்துப் பெண். அப்பா கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கப் போனவர், காது கெட்டபிறகு வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறார். ரெக்ஸி முனைவர் பட்டம் வாங்கியது முத்துச்சிப்பியில்தான்.

டீ குடிக்கும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் பேச்சுக்கு, "விருந்தினர் உங்க சப்ஜெக்டைத்தான் தொட்டுப் பேசினார்" என்றேன்.

"சிப்பியக் கரையில கூட்டி அழுக விடுவாவ மேடம். அது அழுகிப் புழுத்தப்புறந்தான் கழுவி முத்து எடுப்பாவ. அவருக்கு அது தெரியாது போல" என்றாள்.

எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. அடுத்து அவள் கேட்டதுதான் டீயைப் புரையேற வைத்தது.

"மேடம், சர்ட்டிபிகேட் குடுத்தோம்லா, அதுக்கு ரசீது எப்பத் தருவாவ?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பக்கத்தில் நின்ற அண்ணாச்சி காதில் அது விழுந்துவிட்டது.

"ரசீதா? ஏம்மா, வீட்டுக்குள்ள யாராவது ரசீது கேப்பாவளா? இங்கன வந்து அப்படியெல்லாம் பேசப்பிடாது" என்றார்.

நானும் அவள் முழங்கையைத் தொட்டு, பேசாமல் இரும்மா என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் டீக் கிளாஸைப் பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையூரணியில் முனைவர்கள்

வரவேற்பு முடிந்த மறுநாளே புதியவர்களுக்கு முதல் பணி கொடுப்பார்கள். வகுப்பு எடுப்பது என்று நினைத்தால் நீங்கள் இன்னும் பிழைக்கத் தெரியாதவர். வீடு வீடாகப் போய் மாணவர் பிடிப்பது. ஆளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு குழு, மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு குழு.

ரெக்ஸியும் இயற்பியல் முனைவர் ஒருத்தியும் மாப்பிள்ளையூரணியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஒரே மாதிரிப் புடவை, தோளில் பை, கையில் கலர் நோட்டீஸ். கதவைத் திறந்த அம்மா, "குக்கரா தாயி? எங்க வீட்ல ரெண்டு கெடக்கு" என்று சொல்லிச் சாத்திவிட்டாளாம். ரெக்ஸி இதை ஸ்டாஃப் ரூமில் நடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு மறுநாள் அவரவர் தெருவுக்கு நோட்டீஸை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஒரு கடிதம் வந்தது

பொங்கல் முடிந்து சில நாளில் ரெக்ஸி என் மேஜை முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு கடிதம். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு எப்போதோ எழுதிப் போட்டிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, சென்னையில். அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும். வராவிட்டால் வாய்ப்பு ரத்து, இன்னொரு நாள் தரமாட்டார்கள்.

அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறாள். கல்வியாண்டு முடியாமல் பீரோவைத் திறக்கமுடியாது என்றிருக்கிறார்.

"ரெண்டு நாளைக்கு மட்டும் தாங்க, கொண்டாந்து குடுத்துருதேன்னு சொல்லிப் பாத்துட்டேன் மேடம். எதுக்குன்னு கேக்காவ. எதுக்குன்னு சொன்னா எப்படித் தருவாவ?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

நான் தாளாளரைப் பார்க்கப் போனேன். பெரியவரின் மகன், வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர். ஏ.சி. அறையில் மல்லிகை வாசம் தெளித்திருப்பார்கள். என்னை உட்காரச் சொன்னார். மரியாதையில் குறை வைக்கமாட்டார்.

"மேடம், நீங்க அப்பா காலத்து ஆளு. உங்களுக்கே தெரியும். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. சிஸ்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

லண்டன் வரை போய்ப் படித்துவிட்டு வந்து, அப்பாவின் கல்லாப்பெட்டிக்கு சிஸ்டம் என்று பெயர் வைத்திருந்தார். நான் சரி சார் என்று எழுந்து வந்தேன். வராந்தாவில் நடக்கும்போது என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிப்ரவரியில் ஒரு ஜூன் மாதம்

அந்த நேரத்தில்தான் கல்லூரிக்கு அங்கீகாரம் தருகிற ஆய்வுக் குழு வருகிறது என்று செய்தி வந்தது. கல்லூரி இரண்டுபட்டுப்போயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு, நூலகத்துக்கு வாடகைப் புத்தகம், காய்ந்த புல்லுக்குப் பச்சைப் பெயிண்ட். மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்து வைத்திருக்கக்கூடாது, குழு அதை விசாரிக்கும்.

குழு வருவது வெள்ளிக்கிழமை. ரெக்ஸி சென்னையில் நிற்க வேண்டியது அடுத்த திங்கள்.

ஆலோசனைக் கூட்டத்தில் அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். காலையில் ஃபைல்களை எடுத்து ஆசிரியர்களிடம் கொடுத்துவிடுவது, குழு சாப்பிடப் போனதும் வாங்கிப் பூட்டிவிடுவது. பாதிப் பேரிடம்கூடக் குழு கேட்காது, மீதிப் பேருக்கு நகலைக் கொடுத்து உட்காரவைத்தால் போதும் என்றும் சேர்த்துச் சொன்னார். அப்படி நடந்தால் ரெக்ஸிக்கு நகல்தான் வரும். ரசீது கேட்டவள் அல்லவா.

நான் வாயைத் திறந்தேன்.

"சார், நாம குடுக்கோம்னு குழுவுக்கு எப்படித் தெரியும்? மேடையில வச்சு உங்க கையால குடுத்தாத் தெரியும். போட்டோவும் இருக்கும்."

தாளாளர் முகம் மலர்ந்தது. மேடை, கேமரா, தன் கை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அவர் மறுத்ததே கிடையாது. அந்த வாசலில்தான் நான் நுழைந்தேன். புதிய பேராசிரியர்கள் வரவேற்பு விழா என்றே வைத்துக்கொள்ளலாம், சேர்ந்த அன்றே சான்றிதழைச் சரிபார்த்துத் திருப்பித் தருவதுதான் நம் வழக்கம் என்று காட்டலாம் என்றேன். பேனர் பழையதே போதும்.

ஜூனில் சேர்ந்தவர்களுக்குப் பிப்ரவரியில் வரவேற்பு விழா. துறைத்தலைவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் முனைவர்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. நல்ல ஐடியா என்று குறித்துக்கொண்டார்கள்.

பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். முதல் பெயர் ரெக்ஸி. மேலே ஒரு தலைப்பு, 'உரியவர் கையில் உரியவை'. தாளாளர் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டியலை வைத்துத்தான் அண்ணாச்சி பீரோவிலிருந்து ஃபைல்களை எடுத்தார். திரும்ப வாங்கும் பெட்டி சாப்பாட்டு அறைக்குப் பின்னால் இருக்கும் என்றும், குழு கண்ணில் படாமல் எல்லோரும் அங்கே கொண்டுவந்து போட்டுவிடவேண்டும் என்றும் வாய்மொழி உத்தரவு போனது.

ரெக்ஸியிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "வெள்ளிக்கிழமை காலையில உன் கைப்பையை ஸ்டாஃப் ரூம்ல வைக்காத, கூடவே வச்சுக்கோ."

இரண்டாம் வரவேற்பு

குழுவினர் நான்கு பேர் முதல் வரிசையில். தாளாளர் மைக்கில், "ஆசிரியரின் சான்றிதழ் ஆசிரியரிடம்தான் இருக்க வேண்டும், அது எங்கள் கொள்கை" என்றார். குரல் தழுதழுத்தது. நன்றாகவே செய்தார்.

ரெக்ஸி பெயரை வாசித்தேன். வந்தாள். தாளாளர் ஃபைலைக் கொடுத்தார். கேமரா மின்னியது. அவள் மேடையிலேயே ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். தாளாளர் சிரிப்பு மாறாமல் காத்திருந்தார். எல்லாம் இருந்தது போலும், மூடிக்கொண்டு படியிறங்கினாள். தன் நாற்காலிக்குப் போகவில்லை. நடுவழியாக நேரே வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் அண்ணாச்சி. பழக்க தோஷத்தில் கை தானாக நீண்டுவிட்டது. அதே நேரம் குழுவில் ஒருவர் போன் பேச எழுந்து அங்கே வந்து நின்றார். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன பேசினார்கள் என்பதை ரெக்ஸிதான் பின்னால் சொன்னாள்.

"இது எங்கிட்டதான சார் இருக்கணும்? இப்பத்தான தாளாளர் சார் மைக்குல சொன்னாவ" என்று அவள் உரக்கவே கேட்டிருக்கிறாள்.

குழுக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்திருக்கிறார். நீண்ட கை அப்படியே திரும்பி, எலுமிச்சை ஜூஸ் இருக்கும் மேஜையைக் காட்டியது. அதை நானும் கண்ணால் கண்டேன். ரெக்ஸி ஜூஸ் பக்கம் திரும்பாமல் வெளியேறினாள். கேட்டுக்கு வெளியே அவள் அப்பா பைக்கோடு நின்றிருந்தாராம்.

நான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். பிறகு இரண்டாவது பெயரை வாசித்தேன்.

மீதிப் பத்துப் பேரும் மேடையேறி வாங்கினார்கள். சாப்பாட்டு நேரத்தில் வரிசையாகப் போய்ப் பெட்டியில் போட்டார்கள். ஒருவர் மட்டும் போடுவதற்கு முன்னால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பெட்டி எங்கே என்று தெரியாமல் ஒருவர் சமையல்கட்டு வரை தேடிப் போய், அண்ணாச்சியைக் கண்டுபிடித்துக் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். கண்ணெதிரே ஒருத்தி எழுந்து போனதைப் பார்த்தவர்கள் இவர்கள். அதுவும் முனைவர்கள்.

தாளாளர் கோபப்பட்டார், ஆனால் ரொம்ப நேரம் இல்லை. குழு பாராட்டிவிட்டது. மறுநாள் பேப்பரில் அவர் ரெக்ஸிக்குச் சான்றிதழ் கொடுக்கும் படம் வந்துவிட்டது. அந்தப் படத்துக்குப் பிறகு அவளிடம் எதைக் கேட்கமுடியும்?

திங்கட்கிழமை

சாயங்காலம் ரெக்ஸி சென்னையிலிருந்து போன் செய்தாள்.

"பாத்துட்டாவ மேடம். எல்லாம் சரியா இருக்குன்னு சீல் போட்டுட்டாவ" என்றாள். கொஞ்சம் அழுதாள். அந்த வேலை பிறகு அவளுக்குக் கிடைத்தது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பட்டியலை யாரும் வாசித்தே பார்க்காததையும் அந்தப் பத்துப் பேர் கதையையும் விஸ்தாரமாகச் சொன்னேன். சமையல்கட்டு வரை பெட்டியைத் தேடிப் போனவர் மாதிரி போனிலேயே பேசிக் காட்டினேன். இந்த ஜென்மங்களுக்கெல்லாம் எதற்கு முனைவர் பட்டம், நாலு வருஷம் என்னத்தைப் படித்தார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

"மேடம், ஒங்க பைலு?"

"என்னது?"

"பட்டியல நீங்கதான போட்டிய? அதுல இருந்த பேருக்கெல்லாம் பைலு எடுத்தாவள்லா? ஒங்க பேரையும் சேத்துருக்கலாமே மேடம். யாரும் வாசிச்சுப் பாக்கலன்னு சொன்னியளே."

 மூத்த ஆசிரியர் ஒருவருக்கும் சேர்த்து வழங்கப்படும் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். பதினோரு பெயர் அடித்த விரலுக்குப் பன்னிரண்டாவது பெயர் அடிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பயந்து விட்டுவிட்டேன் என்றால்கூட ஒரு கௌரவம் உண்டு. எனக்கு அது தோன்றவே இல்லை.

பெட்டியில் போட்ட அந்தப் பத்துப் பேராவது தங்கள் சான்றிதழை ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்தார்கள்.